சூட்டைத் தடுக்கப் போய் நஞ்சைச் சுற்றிக் கொள்ளலாமா?

தோட்டப்புறத்தில் பிறந்து வளர்ந்த நம்மவர்களில் பலருக்கு வலது கெண்டைக்காலில் ஒரு தழும்பு இருக்கும். ஐந்து காசு அளவில், வழுவழுப்பாக, மற்ற தோலைவிடக் கொஞ்சம் வெளுத்துத் தெரியும். "எப்படிப்பா வந்தது?" என்று கேட்டால், "அப்பா மோட்டார்ல இருந்து இறங்கறப்போ எக்சோஸ் சுட்டுடுச்சு" என்பதுதான் பதிலாக இருக்கும். நமக்கும் ஒன்று உண்டு. முதலாம் ஆண்டு படிக்கும்போது, தோட்டப் பள்ளிக்கூட வாசலில் அவசரமாக இறங்கியதற்குக் கிடைத்த பரிசு அது.

அந்தத் தழும்பை நினைவுபடுத்தும் ஒரு காட்சியைச் சில வாரங்களுக்கு முன் கண்டோம். பேராக் மாநிலத்தில், தெலுக் இந்தான் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டம். ஞாயிற்றுக்கிழமை காலை, உறுப்பினர்களைச் சந்திப்பதற்காகப் போயிருந்தோம். கூட்டம் தொடங்க நேரம் இருந்தது. லயத்துக்குப் பின்னால் ரம்புத்தான் மரத்தடியில் ஒரு தம்பி, சாக்கை விரித்து, அதன் மேல் ஒரு பழைய ஹொண்டா சி 70 மோட்டாரை நிறுத்தி வைத்து வேலை செய்து கொண்டிருந்தார். எண்ணெய் ஆலையில் பிட்டர் வேலை பார்ப்பவர். பக்கத்தில் முக்காலி போட்டு அவருடைய தகப்பனார் உட்கார்ந்திருந்தார். பால்மரம் வெட்டி ஓய்வு பெற்ற பெரியவர்.

"மோட்டார் யாருடையது?" என்று கேட்டோம். பெரியவரின் முகம் மலர்ந்தது. "எழுபத்தெட்டுல தவணையில வாங்கினேன். இது இல்லேன்னா என் பிள்ளைங்க படிச்சிருக்க மாட்டாங்க" என்றார்.

அவர் சொன்னது பெரிய வார்த்தை அல்ல. நம் எல்லாருடைய கதையும் அதுதான்.

தோட்டத்துக்கு வந்த இரும்புக் குதிரை

ஜப்பானில் ஹொண்டா நிறுவனம் 'சூப்பர் கப்' என்ற சிறிய மோட்டாரை 1958-ஆம் ஆண்டில் வெளியிட்டது. பினாங்கைச் சேர்ந்த லோ பூன் சியூ என்ற வணிகர், அந்த 1950-களின் இறுதியிலேயே ஹொண்டா மோட்டார்களை நம் நாட்டுக்குக் கொண்டு வந்தார். அந்தக் 'கப்' என்ற பெயர்தான் நம் நாட்டு மக்களின் வாயில் 'கப்சாய்' ஆகிவிட்டது. 2017-ஆம் ஆண்டில் இந்தக் குடும்பத்து மோட்டார்களின் உற்பத்தி உலக அளவில் 10 கோடியைத் தாண்டியது. வேறு எந்த மோட்டாருக்கும் இந்தப் பெருமை இல்லை.

சி 70 அந்தக் குடும்பத்தில் ஒன்று. 72 சி.சி. இயந்திரம், மூன்று கியர், கையில் கிளட்ச் கிடையாது. ஒரு கையில் வாளியைப் பிடித்துக்கொண்டும் ஓட்டலாம் என்பதால் தோட்டத்தில் அதற்கு மதிப்பு. விடியற்காலையில் பெரட்டுக்குப் போனது, ஒட்டுப்பால் மூட்டையைச் சுமந்தது, பிரசவ வலி கண்ட பெண்ணைப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்த்தது, எல்லாம் இந்த மோட்டார்தான். இன்று அதைப் பழங்கால மோட்டார் என்று சொல்லி, பட்டணத்து இளைஞர்கள் தேடி வாங்கிப் புதுப்பிக்கிறார்கள். நம் வீட்டுப் பின்புறத்தில் துருப்பிடித்துக் கிடப்பதற்கு இன்று மவுசு வந்திருக்கிறது.

அந்தத் தம்பியும் தகப்பனாரின் மோட்டாரைப் புதுப்பித்துக் கொண்டிருந்தார். ஆனால் அழகுக்காக மட்டும் அல்ல.

ஏன் குழாயை மாற்றினார்?

சி 70-இன் புகைக்குழாய் இயந்திரத்தின் அடியிலிருந்து புறப்பட்டு, வலது பக்கமாகத் தாழ்வாகப் பின்னால் போகும். செம்பனைக் காட்டுப் பாதையில் மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கி நிற்கும். பழைய சைலன்சர் அந்தச் சேற்றில் உளுத்து ஓட்டை விழுந்துவிட்டது. ஆகவே பட்டணத்தில் ஒரு வெல்டிங் பட்டறையில், துருப்பிடிக்காத எஃகுக் குழாயை வளைத்து, மேலே தூக்கிப் போகும்படி ஒன்று செய்து வாங்கி வந்திருந்தார். சேறு படாது, தண்ணீர் ஏறாது. ஹொண்டா நிறுவனமே காட்டுப் பாதைக்கென்று செய்த 'சி.டி.' வகை மோட்டார்களில் குழாய் இப்படி மேலே தூக்கித்தான் இருக்கும். யோசனை நல்ல யோசனைதான்.

ஆனால் மேலே தூக்கிய குழாய் எதை ஒட்டிப் போகும்? பின்னால் உட்காருபவரின் காலை ஒட்டிப் போகும். பின்னால் உட்காருபவர் யார்?

"அம்மாதான் அண்ணே. மாசத்துக்கு ஒரு தடவ கிளினிக்குக் கூட்டிட்டுப் போகணும். இனிப்பு நீர் வியாதி. பதினஞ்சு வருஷமா இருக்கு."

அந்த அம்மாவை நாம் அறிவோம். கங்காணி அதட்டினாலும் அஞ்சாமல் பதில் சொன்ன அம்மா. இன்று பாதத்தில் உணர்ச்சி மங்கிவிட்டது. செருப்பு கழன்று விழுந்தாலும் தெரியவில்லை என்கிறார். இனிப்பு நீர் வியாதி பல ஆண்டுகள் நீடித்தால் கால் நரம்புகள் கெட்டு, சூடும் வலியும் உறைக்காமல் போகும். நமக்குச் சூடு பட்டால் 'ஆ' என்று காலை இழுத்துக் கொள்வோம். அந்த அம்மாவுக்கு இழுக்கத் தெரியாது. தோல் வெந்த பிறகு, சீலையில் ஈரம் பட்ட பிறகுதான் தெரியும். அந்தப் புண் ஆறாது. ஆறாத புண் எங்கே கொண்டு போய் விடும் என்பதற்கு விரலையும் காலையும் இழந்து லயத்து வாசலில் உட்கார்ந்திருக்கும் நம்மவர்களே சாட்சி.

ஆகவேதான் அந்தத் தம்பி குழாயைச் சுற்றிச் சூட்டைத் தடுக்கும் நாடா சுற்ற நினைத்தார். தாய் மேல் உள்ள பாசத்தில் செய்த வேலை. அதைக் குறை சொல்ல நமக்கு வாய் வரவில்லை.

அவர் சாக்குக்குள் கையை விட்டு அந்த நாடாவை வெளியே எடுத்தார். அதைப் பார்த்ததும் நம் நெஞ்சு திடுக்கிட்டது.

சாக்குக்குள் இருந்தது என்ன?

வெளுத்த சாம்பல் நிறம். பருத்தி நாடா போல நெய்தது. ஓரம் பிய்ந்து, நூல் நூலாக நின்றது. அவர் அதைச் சாக்கின் மேல் போட்டபோது மெல்லிய தூள் வெயிலில் மிதந்தது.

"எங்கே வாங்கினீங்க தம்பி?"

"வாங்கல அண்ணே. ஆலையில பழைய பாய்லரைக் கழட்டினாங்க. ஸ்டோர்ல மூலையில சும்மா கிடந்துச்சு. நெருப்புக்கே அசையாதுன்னு பழைய ஆளுங்க சொன்னாங்க. காசு செலவு இல்ல."

நெருப்புக்கு அசையாது என்பது உண்மைதான். அதுதான் கல்நார். 'அஸ்பெஸ்டாஸ்' என்று சொல்வார்கள். மண்ணிலிருந்து தோண்டி எடுக்கும் ஒரு வகைக் கல். அந்தக் கல்லை நாராகப் பிரித்து நூலாக நூற்கலாம், துணியாக நெய்யலாம், கயிறாக முறுக்கலாம். தீப்பிடிக்காது, சூட்டைக் கடத்தாது, விலையும் மலிவு. ஆகவே ஒரு காலத்தில் பாய்லர் குழாய்களைச் சுற்றியும், உலைக் கதவின் ஓரத்திலும், இயந்திர வாஷர்களிலும், மோட்டார் பிரேக் கட்டைகளிலும், கூரைத் தகட்டிலும் அதைத் தாராளமாகப் போட்டார்கள். மோட்டார்ப் பந்தயக்காரர்கள் அந்த நாளில் புகைக்குழாயில் சுற்றியதும் இந்த நாடாவைத்தான்.

அதன் மறுபக்கம் பின்னால்தான் தெரிந்தது. அதன் நார் கண்ணுக்குத் தெரியாத ஊசியாக உடைந்து காற்றில் மிதக்கும். மூச்சில் போனால் நுரையீரலில் தைத்து அப்படியே இருந்துவிடும். உடம்பால் அதைக் கரைக்க முடியாது. உடனே ஒன்றும் தெரியாது, இருமல்கூட வராது. 20, 30, 40 ஆண்டுகள் கழித்து மூச்சு வாங்கும். நுரையீரல் தடித்துச் சுருங்கும். நுரையீரலிலோ அதைப் போர்த்தியிருக்கும் சவ்விலோ புற்றுநோய் வரும். வெள்ளை, நீலம், பழுப்பு என்று கல்நாரில் எந்த நிறமானாலும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்திருக்கிறது. பிரிட்டன் 1999-ஆம் ஆண்டில் அதை முழுமையாகத் தடை செய்தது. நம் நாட்டில் 1986-ஆம் ஆண்டிலேயே கல்நார் வேலைகளைக் கட்டுப்படுத்தத் தனி விதிகள் வந்தன. ஆனால் விதி வருவதற்கு முன் சுற்றியது பழைய ஆலைகளில் இன்னும் சுற்றியபடியே இருக்கலாம். ஸ்டோர் மூலையில் உருண்டு கிடக்கலாம்.

கண்ணால் பார்த்து 'இது கல்நார், இது இல்லை' என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. பரிசோதனைக் கூடத்தில்தான் தெரியும். ஆகவே பழைய பாய்லரிலிருந்து வந்த நாடா, கயிறு, வெள்ளைப் பூச்சு எதுவானாலும், 'இல்லை' என்று நிரூபிக்கும் வரை கல்நார் என்றே நினைத்துக் கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

மாமா துணியில் இருந்த வெள்ளை

இதைச் சொல்லும்போது நம் தாய்மாமா ஒருவர் நினைவுக்கு வருகிறார். ஒரு தோட்டத்து ஆலையில் பாய்லர் பக்கம் உதவியாள் வேலை. பழைய பூச்சை உளியால் தட்டி எடுப்பது, புதுச் சுற்றுப் போடுவது அவர் வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது தலையும் புருவமும் வெளுத்திருக்கும். "மாமா மாவு மில்லுல வேலை செய்யறாரு" என்று நாங்கள் சிறுவர்கள் கேலி செய்வோம். மாமி வாசலில் நின்று அந்தச் சட்டையை உதறி உதறித் துவைப்பார். முகத்துக்குத் துணி கட்டிக் கொள்ள யாரும் சொன்னதில்லை.

ஓய்வு பெற்ற பின் மாமாவுக்கு மூச்சு வாங்கியது. நாலு எட்டு வைத்தால் நின்றுவிடுவார். "சுருட்டுக் குடிச்ச வினை" என்று எல்லாரும் சொன்னார்கள். அவர் என்ன வேலை செய்தார், எதைச் சுவாசித்தார் என்று கேட்பாரில்லை. எந்த ஏட்டிலும் எழுதி வைப்பாரில்லை. ஒரு காசு நஷ்டஈடு கேட்க வழியில்லாமலே போய்ச் சேர்ந்தார்.

தோழர்களே, அந்த மாமாவின் கதை அந்தத் தம்பிக்கும் வேண்டாம். நாடா சுற்றும்போது பக்கத்தில் விளையாடும் குழந்தைக்கும் வேண்டாம். குழந்தை என்று வேண்டுமென்றேதான் சொல்கிறோம். வேலையாளின் துணியில் வந்த தூசியால் மனைவிக்கும் பிள்ளைக்கும் நோய் வந்தது பல நாடுகளில் பதிவாகியிருக்கிறது. தாயின் காலைக் காப்பாற்றப் போய், தாயின் நெஞ்சுக்கே நஞ்சைக் கொண்டு வருவதா?

"அப்போ இதை என்ன அண்ணே செய்யறது? குப்பையில போட்டுடவா?" என்று தம்பி கேட்டார். முகம் வாடிவிட்டது.

குப்பையில் போடக் கூடாது. எரிக்கவும் கூடாது, அது எரியாது. வெட்டக் கூடாது, உதறக் கூடாது, விளக்குமாற்றால் பெருக்கக் கூடாது. தண்ணீர் தெளித்து நனைத்து, தடித்த பிளாஸ்டிக் பையில் போட்டு வாயைக் கட்டி, மறுபடியும் ஒரு பையில் போட்டுக் கட்ட வேண்டும். சாக்கையும் அதோடு சேர்த்துவிட வேண்டும். தரையில் விழுந்ததை ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியையும் பைக்குள் போட வேண்டும். பிறகு அது எங்கிருந்து வந்ததோ அங்கே, ஆலை நிர்வாகத்திடம், சாட்சி வைத்து ஒப்படைக்க வேண்டும். கல்நார்த் தூசியும் நாரும் 2005-ஆம் ஆண்டு விதிகளின்படி அட்டவணைக் கழிவு. அதை முறையாக அப்புறப்படுத்துவது நிர்வாகத்தின் கடமை. தொழிலாளியின் தலையில் கட்டுவதல்ல.

அன்றே அதைச் செய்தோம். கூட்டம் அரை மணி நேரம் தாமதமானது. பரவாயில்லை, அன்றைய கூட்டத்தில் பேச வேண்டிய விஷயமும் அதுவாகவே ஆகிவிட்டது.

சரியான நாடா எது?

இப்போது மோட்டாருக்கு வருவோம். நாடா சுற்றுவதே தப்பு என்று நாம் சொல்லவில்லை. கடையில் இன்று கண்ணாடி நாரால் செய்த நாடாவும், எரிமலைப் பாறையை உருக்கி இழுத்துச் செய்த பசால்ட் நாடாவும் கிடைக்கின்றன. இவற்றில் கல்நார் இல்லை. ஆனாலும் தோலில் பட்டால் அரிக்கும். கையுறை, நீளக்கைச் சட்டை, மூக்குக் கவசம் மூன்றும் வேண்டும். வீட்டுக்கு வெளியே, குழந்தைகள் இல்லாத இடத்தில் வேலை செய்ய வேண்டும். கடைக்காரரிடம் பெயர் போட்ட பெட்டியில் இருப்பதைக் கேட்டு வாங்குங்கள். பெயர் இல்லாத பழைய சரக்கு வேண்டாம்.

எவ்வளவு வாங்குவது? கணக்கு எளிது. மோட்டாருக்கு ஒரு அங்குல (25 மில்லிமீட்டர்) அகல நாடா போதும். ஒவ்வொரு சுற்றும் முந்தின சுற்றின் மேல் கால் அங்குலம் ஏற வேண்டும். அப்படியானால் ஒரு சுற்றுக்கு 19 மில்லிமீட்டர் நகரும். சுற்ற வேண்டிய நீளம் 60 சென்டிமீட்டர் என்றால் 32 சுற்று. குழாய் 25 மில்லிமீட்டர் தடிமன் என்றால் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 80 மில்லிமீட்டர் நாடா போகும். 32 சுற்றுக்கு இரண்டரை மீட்டர் ஆகிறது. இரண்டு முனையிலும் இரட்டைச் சுற்றுப் போட வேண்டியிருப்பதால் 3 மீட்டர் வாங்கினால் சரியாக இருக்கும்.

முதலில் குழாயைப் பொருத்துங்கள்

பொருத்திப் பார்க்காமல் நாடா சுற்றக் கூடாது. இயந்திரத்தின் தலையில் இரண்டு சிறிய போல்ட்டுகள் நிற்கும். அவற்றில் உள்ள நட்டுகள்தான் குழாயைப் பிடித்திருப்பவை. பழைய மோட்டாரில் அவை துருவேறி இறுகிப் போயிருக்கும். முரட்டுத்தனமாகத் திருகினால் போல்ட்டு அலுமினியத் தலைக்குள்ளேயே முறிந்துவிடும். பிறகு பட்டறையில் துளை போட்டு எடுக்க வேண்டும்; செலவு இரட்டிப்பாகும். முதல் நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊற வையுங்கள். மறுநாள் பொறுமையாக, கொஞ்சம் முன்னும் கொஞ்சம் பின்னுமாக அசைத்துக் கழற்றுங்கள்.

குழாய் வாயில் செம்பு வளையம் ஒன்று இருக்கும். பழையதை மறுபடி போடாதீர்கள். நசுங்கிய வளையம் மறுபடி அடைக்காது, காற்றுக் கசியும், ஆக்சிலேட்டரை விட்டவுடன் 'பட் பட்' என்று வெடிக்கும். புது வளையத்தின் விலை சில வெள்ளிதான்.

புதுக் குழாயை மாட்டும்போது எல்லா நட்டையும் முதலில் கையால் மட்டும் முடுக்குங்கள். பின்னால் உள்ள தாங்கிப் பட்டையின் ஓட்டை தானாகப் பொருந்துகிறதா பாருங்கள். பொருந்தவில்லை என்றால் பட்டறைக்குத் திரும்பக் கொண்டு போய் வளைவைச் சரி செய்யுங்கள். குழாயை இழுத்து வளைத்துப் பூட்டாதீர்கள். இழுத்துப் பூட்டிய குழாய் இயந்திரத்தின் நடுக்கத்தில் வெல்டிங் போட்ட இடத்தில் விரிசல் விடும். எல்லாம் பொருந்திய பிறகு, தலையில் உள்ள இரண்டு நட்டையும் மாற்றி மாற்றிச் சமமாக இறுக்கி, பிறகு பின்பட்டையை இறுக்குங்கள்.

புதுக் குழாயில் புகை தடையில்லாமல் போகும். ஆகவே பெட்ரோல் குறைந்து, காற்று மிகுந்து எரியக் கூடும். நூறு, இருநூறு கிலோமீட்டர் ஓட்டிய பின் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். முனை வெள்ளையாக இருந்தால் பெட்ரோல் போதவில்லை. இயந்திரம் அளவுக்கு மீறிச் சூடாகும். கறுத்து மசி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். பால் கலந்த கோப்பி நிறத்தில் இருந்தால் சரி. வெளுத்திருந்தால் கார்புரேட்டரில் ஒரு அளவு பெரிய ஜெட் போடச் சொல்லுங்கள்.

அத்தாப்புக் கூரை போலச் சுற்றுங்கள்

குழாயைக் கழற்றித் தரையில் வைத்து, எண்ணெய்ப் பசை போகத் துடைத்துவிட்டுச் சுற்ற வேண்டும். கண்ணாடி நார் நாடாவைத் தண்ணீரில் நனைத்துக் கொண்டால் தூள் பறக்காது, இறுக்கமாகவும் உட்காரும். எந்த முனையிலிருந்து தொடங்குவது என்று அந்தத் தம்பி கேட்டார். பெரியவர் முந்திக் கொண்டு பதில் சொன்னார்:

"அத்தாப்புக் கூரை எப்படிடா வேய்வோம்? கீழேருந்து மேலே. மேல் ஓலை கீழ் ஓலையை மூடணும். அப்பத்தான் தண்ணி வழியும்."

அதுதான் சூத்திரம்! குழாயின் தாழ்ந்த பக்கத்திலிருந்து மேலே ஏறிச் சுற்றினால் மேல் சுற்று கீழ்ச் சுற்றை மூடும். மழைநீர் வழிந்து ஓடும். மாற்றிச் சுற்றினால் ஒவ்வொரு மடிப்பும் ஒரு கிண்ணமாகித் தண்ணீர் பிடிக்கும்.

முனைகளைத் துருப்பிடிக்காத எஃகுப் பட்டையால் கட்டுங்கள். பிளாஸ்டிக் பட்டை ஒரு மைல்கூடத் தாங்காது. பட்டையின் வால் கூராக நிற்காமல் வெட்டி உள்ளே மடக்குங்கள். வெல்டிங் மூட்டையும் தாங்கிப் பட்டையையும் மூடாமல் விட்டால் விரிசல் கண்டால் தெரியும். முதல் முறை ஓட விடும்போது நாடாவிலிருந்து புகையும் நாற்றமும் வரும். பயப்பட வேண்டாம், ஆனால் திறந்த வெளியில் 15 நிமிடம் ஓட விட்டு, அந்தப் புகையைச் சுவாசிக்காமல் தள்ளி நில்லுங்கள்.

ஓர் எச்சரிக்கை. சாதாரண இரும்புக் குழாய்க்கும், பழைய குரோமியப் பூச்சுக் குழாய்க்கும் நாடா சுற்றாதீர்கள். நாடா ஈரத்தைப் பிடித்து வைக்கும். நம் ஊர் மழையிலும் பனியிலும், வெளியே பார்ப்பதற்கு நன்றாக இருக்க, உள்ளே குழாய் உளுத்துப் போகும். பழைய சி 70-இன் அசல் சைலன்சர் இன்னும் நல்ல நிலையில் இருந்தால் அதைச் சுற்றிக் கெடுப்பது பாவம். நாடாவில் இயந்திர எண்ணெய் ஊறிவிட்டால் தீப்பிடிக்கவும் கூடும். உடனே கழற்றி எறிந்து புதிது போடுங்கள்.

நாடா மட்டும் போதாது

இன்னும் ஒன்று. நாடா சுற்றிய குழாயைத் தொடலாம் என்று நினைக்காதீர்கள். சூடு குறையுமே தவிரப் போகாது. இயந்திரத்தை ஒட்டிய குழாய் 200, 300 டிகிரியைத் தாண்டும். தண்ணீர் கொதிப்பதோ 100 டிகிரியில். நாடாவின் மேல்புறமும் தோலை வேக வைக்கும். உணர்ச்சி மங்கிய காலுக்கு அது போதும்.

ஹொண்டா நிறுவனம் மேல்தூக்கிய குழாய்க்கு என்ன செய்தது? துளை போட்ட ஒரு தகட்டை, குழாயைத் தொடாமல் இடைவெளி விட்டுப் பூட்டியது. அந்த இடைவெளியில் காற்று ஓடும். தகடு அவ்வளவாகச் சூடேறாது. மலிவான, எளிய, நல்ல வழி அதுதான். பட்டறையில் ஒரு துண்டுத் தகடும் இரண்டு கிளாம்பும் போதும். விரல் நுழையும் இடைவெளி இருக்க வேண்டும். கால் மிதிகள் இரண்டும் உறுதியாக இருந்து, பின்னால் உட்காருபவரின் கால் அதன் மேல் நிற்க வேண்டும். இனிப்பு நீர் வியாதிக்காரர்கள் மூடிய காலணி போட்டு, இடது பக்கமாக இறங்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் காலைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

சுட்டுவிட்டால் பற்பசை, கிச்சாப், மண்ணெண்ணெய் எதுவும் தடவாதீர்கள். குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். சுத்தமான துணியால் மூடிக் கிளினிக்குக்குப் போங்கள்.

சத்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பட்டறையில் செய்த குழாய் என்றால் உள்ளே சத்தம் அடக்கும் தடுப்பு இருக்க வேண்டும். மோட்டார் வாகன இரைச்சலுக்கு 1987-ஆம் ஆண்டு விதிகள் உண்டு. ஜே.பி.ஜே. சாலைச் சோதனையில் முதலில் பார்ப்பதும் மாற்றிய எக்சோஸைத்தான். சம்மன் கட்டும் பணம் பிள்ளையின் பள்ளிக்கூடப் பணம் என்பதை இளைஞர்கள் மறக்கலாகாது. விடியற்காலை 'பெட்ரோமாக்ஸ்' காலத்திலிருந்து உழைத்து ஓய்ந்த முதியவர்கள் தூங்கும் லயம் அது. அவர்கள் தூக்கத்தைக் கெடுப்பதும் அழகல்ல.

ஆலைத் தோழர்களுக்கு

பழைய சி 70-இல் வேலை செய்பவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். பழைய பிரேக் கட்டைகளிலும் கல்நார் இருந்தது. சக்கரத்தைக் கழற்றியவுடன் பிரேக் தூசியை வாயால் ஊதுவதும் காற்றுக் குழாயால் அடிப்பதும் நம் வழக்கம். அந்த வழக்கத்தை இன்றோடு விடுங்கள். ஈரத் துணியால் துடையுங்கள்.

ஆலையில் பழைய பாய்லர்ச் சுற்றைக் கழற்றச் சொன்னால், 'இது பரிசோதிக்கப்பட்டதா?' என்று முதலில் கேளுங்கள். கேட்பது குற்றமல்ல. 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்துக்குச் செய்த திருத்தம் 2024 ஜூன் 1 முதல் அமலில் இருக்கிறது. உயிருக்கு உடனடி ஆபத்து என்று நியாயமாக நம்பினால், முதலாளிக்குச் சொல்லியும் அவர் ஆபத்தை நீக்கவில்லை என்றால், அந்த இடத்தை விட்டு விலகும் உரிமை தொழிலாளிக்கு உண்டு என்று அது சொல்கிறது. தனியாகப் போராடாதீர்கள். தோட்டக் கமிட்டியிடம் சொல்லுங்கள், எழுத்தில் சொல்லுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். எந்த ஆண்டு, எந்த மாதம், எந்த இடத்தில், என்ன வேலை செய்தீர்கள், உடன் இருந்தவர் யார் என்று எழுதி வையுங்கள். கல்நாரால் வரும் நோய் தொழில் நோய். சொக்சோவில் உரிமை கோரலாம். ஆனால் நோய் 30 ஆண்டு கழித்து வரும்போது நினைவு சாட்சி சொல்லாது. எழுத்துத்தான் சாட்சி சொல்லும். நம் மாமாவிடம் அந்த நோட்டுப் புத்தகம் இல்லை.

மூன்று வாரம் கழித்து அந்தத் தோட்டத்துக்கு மறுபடி போனோம். பைகளை நிர்வாகம் பெற்றுக் கொண்டதற்குக் கையெழுத்துப் போட்ட கடிதம் கமிட்டியிடம் இருந்தது. ஸ்டோர் மூலைக்குப் பூட்டுப் போட்டு, ஆள் வந்து மாதிரி எடுத்துப் போயிருக்கிறார்கள். முடிவு வரும் வரை அங்கே யாரும் கை வைக்கக் கூடாது என்று அறிவிப்பு ஒட்டியிருந்தது.

ரம்புத்தான் மரத்தடியில் சி 70 நின்றது. பசால்ட் நாடா அத்தாப்புப் போல அடுக்காக ஏறியிருந்தது; அதன் மேல் துளைத் தகடு. தம்பி உதைத்தார், அடக்கமான சத்தத்தோடு இயந்திரம் ஓடியது. கிளினிக்குக்குப் புறப்படும் நாள் அது. அம்மா மூடிய காலணி போட்டுக் கொண்டு வந்தார். ஏறுவதற்கு முன் குழாயைக் குனிந்து பார்த்துவிட்டு நம்மிடம் சொன்னார்:

"கால்ல உணர்ச்சிதான் இல்ல தம்பி. கண்ணு நல்லாத் தெரியுது. இனிமே இறங்கறப்பல்லாம் பார்த்துத்தான் இறங்குவேன்."

தோழர்களே, நாமும் அப்படித்தான் இருக்க வேண்டும். சும்மா கிடைக்கிறதே என்று எதையும் வீட்டுக்குள் கொண்டு வராமல், கண்ணைத் திறந்து பார்த்து, கேட்டுத் தெரிந்து கொண்டு கை வைப்போம்.